நண்பர் இல்லாத பக்கத்தில் நண்பரைத் தேடுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். வெயில் தாழ்ந்ததும் பாய் விரித்து உட்கார்ந்து நாவல் வாசிப்போம். நான் கொஞ்சம் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் சொல்வேன். போன கோடையில் சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தை முடித்துப் புத்தகத்தை மூடியபோது பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: “இன்னாக்கா இது, அந்த ஹெலன் பொண்ணு ஆரம்பத்துலயே செத்துப் போயிடுது. அப்புறம் எதுக்கு அதப் பத்தி இம்மாம் பக்கம்?”

அவள் சொன்னது சரிதான். நாவலில் மொத்தம் 38 அத்தியாயங்கள். நாயகி ஜேனின் தோழியான ஹெலன் பர்ன்ஸ் ஐந்தாவதில் வருகிறாள், ஒன்பதாவதில் இறந்துவிடுகிறாள். மீதி 29 அத்தியாயங்களில் அவள் இல்லை. ஒரு தனிமையான பிள்ளையை நட்பு எப்படி உருவாக்குகிறது என்பதை, இந்த வகை நாவல்களுக்குப் புதிதாக வருகிறவருக்கு விளக்க வேண்டுமென்றால் நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

அதற்கு முன், எந்த வகை நாவல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுவனோ சிறுமியோ பெரிய மனிதராக மாறுகிற காலத்தைச் சொல்லும் நாவல்களுக்கு ஜெர்மன் மொழியில் ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்று பெயர். ‘பில்டுங்’ என்றால் உருவாவது, ‘ரோமான்’ என்றால் நாவல். 1795-96இல் வெளிவந்த, ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் ‘வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்’ இதற்கு முன்மாதிரி என்பார்கள். ஆங்கிலத்தில் ‘கமிங் ஆஃப் ஏஜ்’. இதை அப்படியே தமிழாக்கினால் சிக்கல்தான். ‘வயசுக்கு வந்தாச்சு’ என்றால் நம் வீடுகளில் வேறு அர்த்தம். எனக்குச் சரியாகப் படுகிற சொல் ‘ஆளாக்குவது’. “இட்லிக் கடை போட்டு மூணு பசங்களையும் ஆளாக்குனாங்க” என்று எங்கள் தெருவில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்வார்கள். சோறு போட்டு வளர்த்ததை மட்டுமா சொல்கிறார்கள்? சொந்தக் காலில் நின்று, தன் முடிவைத் தானே எடுக்கிற மனிதர்களாக்கி விட்டார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஒருவர் ஆளாகிற கதைதான் இந்த நாவல்கள் எல்லாம். அவற்றின் நாயகர்களில் நிறையப் பேருக்கு அந்த வேலையைச் செய்ய வீட்டில் ஆள் இருப்பதில்லை. அப்பா அம்மா இறந்திருப்பார்கள், அல்லது இருந்தும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த இடத்துக்கு ஒரு நண்பர் வந்து சேர்கிறார்.

தனிமை என்றதும் காலியான அறையில் ஒருவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலி அறை கிடைக்காது. ஹவுசிங் போர்டில் ஒரே அறையும் ஒரு சமையலறையும், உள்ளே ஆறு பேர், டிவி ஓடும், பக்கத்து வீட்டுச் சண்டையும் சுவர் தாண்டி வரும். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பெண் போனை வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பாள். யாரோடும் பேச மாட்டாள். சுற்றி ஆட்கள் இருந்தும், நடந்ததைச் சொல்ல ஒருவர் இல்லாததுதான் அவள் தனிமை. 1951இல் வெளிவந்த ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலில் இதை ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்கள். பள்ளியை விட்டு வந்த ஹோல்டன் என்ற பையன் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறங்கியதும் தொலைபேசிக் கூண்டுக்குள் போகிறான். யாரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு பெயராக யோசிக்கிறான். யாரும் தேறவில்லை. சுமார் இருபது நிமிடம் கழித்து, ஒருவரையும் கூப்பிடாமலே வெளியே வருகிறான். அவ்வளவு பெரிய ஊர், கையில் தொலைபேசி, சட்டைப்பையில் பணம். இந்தக் காட்சியைச் சொன்னபோது மாடியில் ஒரு பையன் தன் போனில் இருந்த கான்டாக்ட் லிஸ்ட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.

இந்த வயதில் நண்பர் ஏன் இவ்வளவு பெரிதாகிறார் என்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். பதின்பருவத்துக்குச் சற்று முன்பு பிள்ளைகளுக்கு ஒரு நெருங்கிய தோழமை அமைகிறது. அதில்தான் இன்னொருவருடைய நலம் தன் நலத்தைப் போலவே முக்கியம் என்பதைப் பிள்ளை முதன்முதலாக உணர்கிறது என்பது அவர் கருத்து. அப்பா அம்மாவின் அன்பு பிறக்கும்போதே கூட வருவது. நண்பரின் அன்பு ஒருவர் நம்மைத் தேர்ந்தெடுத்துத் தருவது. தன்னை எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது எத்தனை பெரிய செய்தி!

நாவலாசிரியருக்கும் நண்பர் தேவைப்படுகிறார். தனிமையான பிள்ளை வாய் திறக்காது. வாய் திறக்காத ஒருவரை வைத்து எத்தனை பக்கம் எழுத முடியும்? மனதுக்குள் ஓடுவதையே எழுதிக்கொண்டு போனால் வாசகருக்கும் மூச்சு முட்டும். எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து “அப்புறம்?” என்று கேட்டால்தான் உள்ளே கிடந்தது பேச்சாக வெளியே வரும். அதனால் இந்த நாவல்களில் நண்பர்கள் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் காட்சியை மெதுவாக வாசியுங்கள். பெரும்பாலும் அது மிகச் சாதாரணமான கேள்வியாக இருக்கும்.

‘ஜேன் அயர்’ நாவலுக்கே திரும்புவோம். கதை தொடங்கும்போது ஜேனுக்குப் பத்து வயது. பெற்றோர் இல்லை. அத்தை வீட்டில் அடியும் ஏச்சும் வாங்கி வளர்ந்து, ஆதரவற்ற பெண்களுக்கான லோவுட் பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே ஒரு பெண் கல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். ஜேன் போய்க் கேட்பது, “உன் புத்தகம் நன்றாக இருக்கிறதா?” என்பதுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுக்கிற துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததோ, அது என் சுபாவமே இல்லை என்று ஜேனே பிற்பாடு எழுதுகிறாள். நட்பு அவளை மாற்றத் தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். ஹெலன் அதுவரை ஒன்றுமே செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவே.

அடுத்த காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளியின் பொருளாளர் எல்லோர் முன்னாலும் ஜேனைப் பொய்க்காரி என்கிறார். ஒரு ஸ்டூல் மேல் நிற்க வைக்கிறார். இன்னும் அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும், இன்று முழுக்க யாரும் அவளோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அப்போது ஹெலன் எழுந்து ஸ்டூலைத் தாண்டிப் போகிறாள். போகும்போது கண்களை உயர்த்தி ஜேனைப் பார்க்கிறாள். ஆசிரியையிடம் தையல் வேலை பற்றி அற்பமான ஒரு சந்தேகம் கேட்கிறாள். இதற்கெல்லாமா வந்து கேட்பாய் என்று திட்டு வாங்குகிறாள். திரும்பி வரும்போது மறுபடியும் ஸ்டூலைத் தாண்ட வேண்டுமே, அப்போது சிரிக்கிறாள். பேசத்தான் தடை, சிரிக்கத் தடையில்லை. அந்த நேரத்தில் ஹெலனின் கையிலும் ‘ஒழுங்கில்லாதவள்’ என்ற தண்டனைப் பட்டை கட்டியிருக்கிறது. தானே தண்டனையில் இருக்கிற ஒரு பெண், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்து இரண்டு முறை நடக்கிறாள். சார்லட் பிராண்டி இதை எழுதி 1847இல் வெளியிட்டார். எங்கள் மாடியில் இதை வாசித்தபோது, பள்ளியில் பெஞ்ச் மேல் ஏறி நின்றிருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நண்பர் ஆறுதல் தருகிறார், தனிமை தீர்கிறது. கதை இவ்வளவுதான் என்று இந்த இடத்தில் நினைத்துவிடுவது சுலபம். புதிதாக வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். தலைவலி மாத்திரை மாதிரி நண்பரைப் பார்க்கிறார்கள். ஆனால் ஹெலனும் ஜேனும் முக்கியமான விஷயங்களில் ஒத்துப்போவதில்லை! ஆசிரியை ஹெலனைக் குச்சிக் கட்டால் கழுத்தில் அடிக்கிறார்; ஹெலன் வாங்கிக்கொள்கிறாள். நானாக இருந்தால் அந்தக் குச்சியைப் பிடுங்கி அவர் மூக்குக்கு நேரே முறித்துப் போட்டிருப்பேன் என்கிறாள் ஜேன். காரணமில்லாமல் அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும் என்பது ஜேன் கட்சி. பகையை மனதில் வளர்த்துக்கொண்டிருக்க வாழ்க்கை போதாது என்பது ஹெலன் கட்சி.

இந்த வித்தியாசம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கேரம் போர்டைக் காட்டுவேன். காசிமேட்டிலிருந்து வியாசர்பாடி வரை எங்கள் பக்கம் போர்டு இல்லாத சந்து ஒன்றைத் தேடத்தான் வேண்டும். டபுள்ஸ் ஆடும்போது உங்கள் ஜோடி உங்கள் பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரில் உட்காருகிறார். உங்கள் மடியோரமாக, கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு கிடக்கிற காய் உங்களுக்குக் கஷ்டம். பெரும்பாலும் ஸ்ட்ரைக்கரை எதிர்க்கட்டையில் மோதித் திருப்பித்தான் அதைத் தொட வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவருக்கு அது நேர் அடி. உங்களுக்கு மிக அருகில் இருப்பதாலேயே உங்கள் கைக்கு எட்டாத ஒன்று அவர் கைக்கு எட்டுகிறது. நல்ல நாவலாசிரியர் தனிமையான பிள்ளைக்கு அதே மாதிரி இன்னொரு பிள்ளையைத் துணையாக வைப்பதில்லை. எதிரில் உட்காருகிற ஒருவரைக் கொண்டுவருகிறார்.

ஜேனின் மடியோரத்தில் கிடந்த காய் எது? எட்டாம் அத்தியாயத்தில் அவளே சொல்லிவிடுகிறாள். மற்றவர்கள் என்னை நேசிக்காவிட்டால் வாழ்வதைவிடச் சாவதே மேல். அன்பு கிடைக்குமென்றால் கை எலும்பை முறித்துக்கொள்ளவும் சம்மதம் என்கிறாள். அன்பில்லாமல் வளர்ந்த பிள்ளையின் பசி அது. அந்தப் பசி அவளை எங்கே கொண்டுபோகும் என்று அவளுக்குத் தெரியாது. எதிரில் இருக்கிற ஹெலனுக்குத் தெரிகிறது. மனிதர்களின் அன்பை நீ மிகப் பெரிதாக எண்ணுகிறாய் என்கிறாள். உலகமே உன்னை வெறுத்தாலும், கெட்டவள் என்றே நம்பினாலும், உன் மனசாட்சி உன் பக்கம் நின்றால் நீ துணையற்றவள் ஆக மாட்டாய் என்கிறாள். ஜேன் அப்போது அதை ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. சில மாதங்களில் ஹெலன் காசநோயில் இறக்கிறாள், ஜேன் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கும்போது. அடுத்த அத்தியாயத்தில் எட்டு ஆண்டுகள் ஒரே தாவலில் போய்விடுகின்றன.

இப்போது 27ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். ஜேன் வளர்ந்துவிட்டாள். உயிராய் நேசிக்கிற மனிதருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது கல்யாணத்தன்று தெரிகிறது. அவரோ தன்னோடு வந்து வாழச் சொல்லிக் கெஞ்சுகிறார். அவள் மனமே அவளைக் கேட்கிறது: உனக்கென்று உலகத்தில் யார் இருக்கிறார்கள்? நீ என்ன செய்தால் யாருக்கு என்ன? அதற்கு அவள் பதில்: எனக்கு நான் இருக்கிறேன். எவ்வளவுக்கெவ்வளவு தனியாக, நண்பரற்று, ஆதரவற்று இருக்கிறேனோ அவ்வளவுக்கவ்வளவு என்னை நான் மதிப்பேன்.

எட்டாம் அத்தியாயத்தையும் இதையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். அன்புக்காக எலும்பை முறித்துக்கொள்ளத் தயாராக இருந்த சிறுமி, அந்த அன்பு வாசலில் வந்து நின்று கெஞ்சும்போது வேண்டாம் என்கிறாள். ஹெலனின் பெயர் அந்தக் காட்சியில் எங்கும் இல்லை. ஆனால் அந்தப் பதிலின் வேர் லோவுட்டில் இருக்கிறது. அதே சமயம் ஜேன் இன்னொரு ஹெலன் ஆகிவிடவும் இல்லை. ஹெலன் வாழ்ந்திருந்தால் இவ்வளவு ஆவேசமாகப் பேசியிருக்க மாட்டாள். பொறுமையாகத் தலை குனிந்திருப்பாள். தோழி தந்ததை வாங்கித் தன் கோபத்தோடு சேர்த்துப் பிசைந்து ஜேன் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்கிறாள். காப்பியடிப்பதற்கும் ஆளாவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது இந்தப் பக்கத்தில்தான்.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ஒன்றுதான்: நண்பர் இல்லாத பக்கத்தில் நண்பரைத் தேடுங்கள். இருவரும் சேர்ந்து சிரிக்கிற, கடற்கரையில் நடக்கிற பக்கங்களில் நட்பு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நட்பு ஆளை மாற்றியதா என்பது, நண்பர் ஊரைவிட்டுப் போன பிறகு, சண்டை போட்டுப் பிரிந்த பிறகு, இறந்த பிறகு, நாயகர் தனியாக ஒரு முடிவெடுக்கும்போதுதான் தெரியும். முன்பு நண்பர் சொன்ன ஒரு சொல், அவர் கையை வைத்துக்கொள்ளும் விதம், அவர் கேட்கிற கேள்வி, ஏதாவது ஒன்று அங்கே வந்து நிற்கும். எனக்கு இது வாசித்து மட்டும் தெரிந்ததில்லை. ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு ஒரே ஒரு தோழி. யார் எதைச் சொன்னாலும், தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு “அப்புறம்?” என்பாள். அடுத்த வருஷமே அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மாடியில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிப் பேசும்போது என் கை தானாகத் தாடைக்குப் போகிறது.

நட்பு எப்போதும் நல்லதையே செய்யும் என்று எண்ணிக்கொண்டு இந்த நாவல்களுக்குள் போக வேண்டாம். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1860-61இல் வாரத் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் கொல்லர் வீட்டில் வளர்ந்த பிப் என்ற பையன் பணம் வந்ததும் லண்டனுக்குப் போகிறான். அங்கே ஹெர்பர்ட் என்ற நண்பன் கிடைக்கிறான். முதல் நாள் சாப்பாட்டில் பிப் கத்தியை வாயில் வைக்கிறான். ஹெர்பர்ட் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே, நடுவில், லண்டனில் கத்தியை வாயில் வைப்பது வழக்கமில்லை, காயம் பட்டுவிடுமே என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறான். நாலு பேர் நடுவில் நம் பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிக்கிறவர்களையே பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு ஹெர்பர்ட்டை உடனே பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த மேசையில் பழகிய பிப்புக்கு, தன்னை அன்போடு வளர்த்த கொல்லர் ஜோ ஊரிலிருந்து பார்க்க வரும்போது கூச்சமாக இருக்கிறது. ஜோவும் அவனுக்கு நண்பர்தான், முதல் நண்பர். ஒரு நட்பு புது உலகத்தின் கதவைத் திறக்கும்போது பழைய நட்பின் முகத்தில் அந்தக் கதவு இடிக்கிறது. வடசென்னையிலிருந்து அடையாறு பக்கத்துக் கல்லூரிக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

வள்ளுவரும் இதில் கவனமாகத்தான் இருந்திருக்கிறார். 79ஆம் அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்புக்கு; அவற்றில் கடைசி இரண்டு தீ நட்பும் கூடா நட்பும்.

நட்பால் தாண்ட முடியாத சுவர்களும் உண்டு. 2000இல் வெளிவந்த பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் கூளையன் என்ற சிறுவன் கவுண்டர் வீட்டில் பண்ணையத்துக்கு ஆடு மேய்க்கிறான். பண்ணையாரின் மகன் செல்வனும் அவனும் சேர்ந்து திரிகிறார்கள், விளையாடுகிறார்கள். காட்டில் இருவரும் சிறுவர்கள். அப்படியிருந்தும் ஒருவன் பண்ணையார் மகன், மற்றவன் அந்தப் பண்ணையத்து ஆள் என்பது ஒருநாளும் மறைவதில்லை. இந்த நட்பும் கூளையனை ஆளாக்கத்தான் செய்கிறது, வேறு விதமாக. தான் எங்கே நிற்கிறோம் என்பதை அவன் அதில்தான் அறிகிறான். இப்படிப்பட்ட நாவலில் நண்பரைத் தேடும்போது, அவர் தந்தது எது என்று பார்ப்பது போலவே, அவரால் தர முடியாமல் போனது எது என்றும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் தமிழில் இந்த வகையில் நம் பிள்ளைகள் முதலில் வாசிக்க வேண்டிய நாவல் இதுதான் என்பேன்.

கேள்வி கேட்ட பெண் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேலே கதையைக் கொண்டுபோக ஐந்தாறு ஞாயிறுகள் ஆயின. 27ஆம் அத்தியாயத்தை வாசித்து எட்டாவதோடு ஒப்பிட்டுக் காட்டிய அன்று, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து, அகராதியும் கையுமாக மாடி ஏறி வந்தாள். 21ஆம் அத்தியாயத்தைத் திறந்து காட்டினாள். ஜேனைக் கொடுமைப்படுத்திய அத்தை சாகக் கிடக்கிற இடம். என்னை நேசித்தாலும் சரி, வெறுத்தாலும் சரி, நான் உங்களை முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்று ஜேன் சொல்கிறாள். நான் மாடியில் கதை சொல்லும்போது வேகமாகத் தாண்டிப்போன இடம் அது.

“திருப்பி அடிக்கணும்னு சொன்னதும் இதே பொண்ணுதானக்கா?” என்றாள்.

அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ‘ஹெ’ என்று எழுதியிருந்தாள்.